திரும்பி வந்த காசு

2025 ஒக்டோபரில் ஒரு நாள் எனது வங்கிக் கணக்கில் 20,000 ரூபாய் சேர்ந்திருந்தது. அனுப்பியது உள்நாட்டு இறைவரித் திணைக்களம். அந்தத் திணைக்களத்துக்குக் காசு கட்டியவர்கள் பலரை எனக்குத் தெரியும். அங்கிருந்து காசு வாங்கியவர் ஒருவரையும் தெரியாது. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நாங்கள் வழமையாகக் கூடும் தேநீர்க் கடையில் இதைச் சொன்னபோது, "அப்படியென்றால் இன்றைக்கு பில் மாஸ்டருடையது" என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். வீட்டுக்கு ஏறி வரும் வழியில்தான் உறுத்தியது. இப்போது நான் கொடுத்தது யாருடைய காசு?

விஷயத்தைச் சற்று விளக்க வேண்டும். நான் 2021இல் ஓய்வுபெற்ற ஆசிரியன். கையில் கிடைத்த பணிக்கொடையை வங்கியொன்றில் நிலையான வைப்பில் போட்டேன். வட்டியில்லா வங்கியில் போட்டிருக்கலாமே என்று இந்த இதழின் வாசகர்கள் கேட்பார்கள். போட்டிருக்கலாம். மகளின் வீட்டு வேலை தொடங்கும் வரைதானே என்று நினைத்தேன், வேலை தொடங்கவில்லை, காசு அங்கேயே கிடந்தது. அதைத் தவிர என்னிடம் வேறு சமாதானம் இல்லை. 2023இன் தொடக்கத்தில் நாட்டில் வட்டி வீதம் நூற்றுக்கு இருபதையும் தாண்டியிருந்தது நினைவிருக்கும். 20 இலட்சம் ரூபாய்க்கு அந்த ஒரு வருடத்தில் 4 இலட்சம் ரூபாய் வட்டி வந்தது. 2023 ஜனவரியிலிருந்து வட்டியில் நூற்றுக்கு ஐந்தை வங்கியே கழித்து அரசுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. 2025 ஏப்ரலில் அது பத்தானது. ஆனால் 2023/24 வரி ஆண்டில் 12 இலட்சத்துக்குக் குறைந்த வருமானமுள்ளவர் வருமான வரி செலுத்த வேண்டியதில்லை. அரச ஓய்வூதியத்துக்கும் வரி இல்லை. ஆகவே என்னிடம் கழித்த 20,000 ரூபாய், கழிக்க வேண்டியிராத காசு. மருமகன் எனக்கு வரி இலக்கம் எடுத்து, படிவம் நிரப்பி அனுப்பினான். காசு வந்தது.

வந்த காசை என்ன செய்வது என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு. மனைவிக்குக் குசினிக் கூரை. பதுளையில் வடகீழ்ப் பருவ மழை தொடங்கினால் எங்கள் குசினியில் இரண்டு சட்டி வைக்க வேண்டும். கட்டாரிலிருக்கும் மகன், "உங்கட காசு வாப்பா, உங்களுக்கு ஒரு நல்ல சப்பாத்து வாங்குங்க" என்றான். இரண்டும் நியாயமான யோசனைகள். வேறொருவருக்கு இப்படிக் காசு வந்து என்னிடம் கேட்டால், முதலில் கடனை அடையுங்கள், பிறகு ஒழுகும் இடத்தை அடையுங்கள், மிச்சமிருந்தால் சப்பாத்து வாங்குங்கள் என்றுதான் நானும் சொல்வேன். என் சிக்கல் வேறு. இந்த 20,000 எதிலிருந்து கழிக்கப்பட்டது? வட்டியிலிருந்து. வட்டியிலிருந்து போனது திரும்பி வந்தால் அது என்ன?

பழைய நண்பர் ஒருவர், இஸ்லாம் பாடம் கற்பித்து ஓய்வுபெற்ற மௌலவி. நாங்கள் ஹஸரத் என்றே அழைப்போம். அவர் சிரித்துவிட்டு பரீரா (றழி) அவர்களின் சம்பவத்தை நினைவூட்டினார். அவருக்கு யாரோ ஸதகாவாக இறைச்சி கொடுத்திருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் ஸதகாப் பொருளை உண்பதில்லை. ஆயினும் அந்த இறைச்சி பரீராவின் கையிலிருந்து வந்தபோது, அது அவருக்குத்தான் ஸதகா, நமக்கு அன்பளிப்பு என்ற கருத்தில் ஏற்றுக்கொண்டார்கள். கை மாறினால் பொருளின் நிலையும் மாறும் என்பதற்கு அறிஞர்கள் காட்டும் ஆதாரம் இது. "அரசாங்கம் எடுத்தபோது அது வரியாகிவிட்டது. திருப்பித் தந்தபோது அரசாங்கத்தின் காசு உங்களுக்கு வந்திருக்கிறது. வட்டி எங்கேயோ நடுவில் கழுவப்பட்டுவிட்டது, மாஸ்டர். கூரையைப் போடுங்கள்" என்றார். அவர் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார் என்பதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் என்னோடு பேசமாட்டார்.

ஆனால் அந்த விளையாட்டுப் பேச்சு என்னை இரண்டு இரவுகள் விடவில்லை. அரசு எனக்குத் தந்தது அன்பளிப்பா? அல்ல. அன்பளிப்பென்றால் தராமலும் இருந்திருக்கலாம். உதவித்தொகையா? அதுவும் அல்ல. அவர்கள் சொல்லும் பெயர் மீளளிப்பு. அந்தச் சொல்லை ஒருமுறை வாயால் சொல்லிப் பாருங்கள். இது எமது காசாக ஒருபோதும் இருந்ததில்லை, தவறி எம்மிடம் தங்கிவிட்டது, இதோ எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள். கை மாறாத பொருளின் நிலை எப்படி மாறும்? பரீராவுக்கு இறைச்சி சொந்தமானது. அரசுக்கு என் 20,000 சொந்தமாகவேயில்லை. அது போனபோது என்னவாக இருந்ததோ, வந்தபோதும் அதுவேதான். உண்மையில் நான் அரசுக்கு ஒரு கர்ளு ஹஸன், வட்டியில்லாத அழகிய கடன் கொடுத்திருக்கிறேன். அதையும் வட்டிக் காசிலிருந்து கொடுத்திருக்கிறேன். இதைச் சொன்னபோது ஹஸரத் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இங்கே நான் ஒன்றை ஒளிக்கக்கூடாது. இந்த 20,000 ரூபாய்க்கு இவ்வளவு யோசிக்கும் மனிதன், மீதி 3 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு என்ன யோசித்தான்? முழுவதையும் ஒதுக்கிக் கொடுத்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. முதல் சில மாதங்கள் அப்படித்தான் செய்தேன். பிறகு மின் கட்டணம் ஏறியது, மனைவியின் மருந்து விலை ஏறியது. இந்த மாதம் மட்டும் என்று எடுத்தேன். அடுத்த மாதமும் அது இந்த மாதமாகவே இருந்தது. மாதாமாதம் வந்த வட்டி ஓய்வூதியத்தோடு கலந்து அரிசியும் பருப்புமாகிப் போனது. மனச்சாட்சி சத்தம் போடவில்லை. தனியாக, பெயர் எழுதி, ஒரே தொகையாக வந்த 20,000தான் சத்தம் போட்டது. ரிச்சர்ட் தேலர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், 2017இல் நோபல் பரிசு பெற்றவர், மனிதர் தம் மனதுக்குள் காசைத் தனித்தனிப் பெட்டிகளில் போட்டு வைக்கிறார்கள், ஒரு பெட்டியின் ரூபாயும் இன்னொரு பெட்டியின் ரூபாயும் அவர்களுக்கு ஒரே ரூபாயாகத் தெரிவதில்லை என்கிறார். அவர் செலவைப் பற்றிச் சொன்னார். மனச்சாட்சிக்கும் அதே பெட்டிகள்தான் போலும். திரும்பி வந்த காசில் ஒரு நன்மை உண்டென்றால், ஏற்கனவே மூடிவிட்ட கணக்கொன்றை அது திறந்து காட்டுகிறது என்பதுதான்.

வரியைத் திருப்பிக் கொடுத்த சம்பவங்களில் என் நினைவுக்கு முதலில் வருவது ஹிம்ஸ் நகரம். கி.பி. 636இல் யர்மூக் யுத்தத்துக்கு முன், பெரும் ரோமப் படை வருவதறிந்து முஸ்லிம் படை அந்த நகரைவிட்டு விலக வேண்டி வந்தது. தளபதி அபூ உபைதா (றழி) அவர்களின் கீழிருந்தவர்கள், அந்நகரத்துக் கிறிஸ்தவர்களிடமும் யூதர்களிடமும் வாங்கியிருந்த வரியைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று பலாதுரி எழுதுகிறார். உங்களைப் பாதுகாப்போம் என்று வாங்கினோம், இப்போது எம்மால் முடியாது, ஆகவே இது உங்களுடையது என்பதே காரணம். எம்மவர் மேடைகளில் இதைச் சொல்லும்போது பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது பெருந்தன்மையாகத் தோன்றவில்லை, அதைவிடக் கடினமான ஒன்றாகத் தோன்றுகிறது. பெருந்தன்மையில் கொடுப்பவன் உயரத்தில் நிற்கிறான். இங்கு கொடுப்பவன் தன் இயலாமையை வாயால் சொல்லிவிட்டுக் கொடுக்கிறான். கணக்கைக் காட்டாமல் மூட்டையை மட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தால் அது தர்மமாகியிருக்கும்.

அந்தக் கடினத்தை நான் கண்ணால் கண்டது ஒரே ஒரு தடவை. 1973 ஆக இருக்க வேண்டும், எனக்குப் பன்னிரண்டு வயது. வாப்பாவுக்குப் பதுளையில் ஒரு சில்லறைக் கடை. தோட்டத்து ஆட்கள் சம்பளத்துக்குச் சம்பளம் கடன் வாங்குவார்கள். எல்லாம் ஒரு நீளமான கொப்பியில் இருக்கும். தோட்டங்களில் பசி நடமாடிய வருடங்கள் அவை. மரவள்ளிக் கிழங்கும் கிடைக்காத லயங்கள் இருந்தன. ஓர் இரவு கணக்குப் பார்த்த வாப்பா, ஒரு தொழிலாளியின் பெயரில் மாவை இரண்டு தடவை எழுதியிருப்பதைக் கண்டார். அந்த மனிதர் அந்தக் கடனை ஏற்கனவே கட்டிவிட்டிருந்தார். ஐந்தோ ஆறோ ரூபாய் இருக்கும். அடுத்த சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று உம்மா சொன்னார். வாப்பா கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பசறைப் பக்கமாக நாலு மைல் ஏறினார். கொப்பியும் கக்கத்தில் வந்தது. லயத்து வாசலில் பத்துப் பேர் நிற்க, பக்கத்தை விரித்து, "இது என்ட பிழை. ரெண்டு தரம் எழுதிட்டேன்" என்றார். அந்த மனிதருக்குத்தான் வெட்கம். "வச்சிக்கங்க பாய், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். வாப்பா காசை அவர் கையில் வைத்து, அவர் கண் முன்னாலேயே அந்த வரியை வெட்டினார். வாப்பாவைப் புனிதராக்க இதை எழுதவில்லை. கடன் கேட்கும்போது அவர் குரல் தெருவுக்கே கேட்கும். ஆனால் ஒருவரின் காசை அவருக்கே கொடுப்பதற்கு, உள்ளதை வாயால் சொல்லிக் கொடுப்பது அவசியம் என்று அவர் நினைத்தார்.

திருப்பிக் கொடுத்தல் என்பது தோட்ட மக்களுக்குப் பழக்கமில்லாத சங்கதி. அவர்களுக்குப் பழகியது அதற்கு நேரெதிரான ஒன்று, முற்பணம். கங்காணி காலத்தில் இந்தியாவிலிருந்து புறப்படும்போதே கடன் தொடங்கியது. ஆளின் கடன் எவ்வளவென்று எழுதிய துண்டோடு தொழிலாளர் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டார்கள். 1921இல் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. பிறகு தீபாவளி முற்பணம் வந்தது. பண்டிகைக்கு முதல் வாங்கி, மாதாமாதம் சம்பளத்தில் கழித்து, தீரும்போது அடுத்த தீபாவளி. என் கடனை அரசு சுமந்த ஒரே ஒரு தடவைக்கு எனக்கு ஒரு படிவமும் ஓர் இலக்கமும் ஒரு மருமகனும் இருந்தார்கள். அவர்களுடைய சம்பளச் சீட்டில் கழிவுகளின் நிரல் மட்டுமே நீளம்.

அவர்கள் வரி கட்டுவதில்லை என்று தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னார். வருமான வரியை மட்டும் வரி என்று நினைப்பவர்களின் பேச்சு இது. லயத்துச் சந்தியிலுள்ள கடையில் சவர்க்காரம் வாங்கும் பெண்ணும், கைப்பேசிக்கு ரீலோட் போடும் பையனும் வற் வரி கட்டுகிறார்கள். 2022 மே மாதம் நூற்றுக்கு எட்டாக இருந்த அந்த வரி, 2024 ஜனவரியில் பதினெட்டானது. அதற்கு மீளளிப்பு உண்டா? உண்டு, ஆனால் அவர்களுக்கு இல்லை. ஏற்றுமதிக்கு வற் பூச்சிய வீதம். தேயிலையை ஏற்றுமதி செய்பவர் தன் செலவுகளில் கட்டிய வற்றைத் திருப்பிக் கேட்கலாம். அதே கொழுந்தைக் கிள்ளியவள் கை கழுவும் சவர்க்காரத்தில் கட்டியதைத் திருப்பிக் கேட்க முடியாது. வரி நூலின் தர்க்கத்தில் இதற்கு விளக்கம் இருக்கிறது, அதை நானும் வாசித்தேன். விளக்கம் சரியாகவும் இருக்கலாம். இன்னும் பின்னால் போனால், 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களாக இருந்தார்கள். கடைசியாக எஞ்சியவர்களுக்கான சட்டம் 2003இல்தான் வந்தது. இடைப்பட்ட பல வருடங்கள் அவர்கள் பறித்த தேயிலையின் ஏற்றுமதி வரி திறைசேரியை நிரப்பிக்கொண்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த நிலம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஹிம்ஸ் நகரத்துக் கணக்கை வைத்துப் பார்த்தால், பாதுகாப்புத் தர முடியாமற்போன வருடங்களுக்கு இவர்களுக்கு எவ்வளவு திருப்பிக் கொடுக்க வேண்டும்?

என் 20,000 ரூபாய்க்கு வருகிறேன். வட்டிக் காசை என்ன செய்வதென்று நம் ஊர்களில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்கோ பொதுத் தேவைக்கோ கொடுத்துவிடுவது. பள்ளிவாசல் மலசலகூடம், பாதைக் கான் என்று அது போகும். மார்க்க அறிஞர்கள் சொல்லும் வழியும் ஏறத்தாழ அதுதான், எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் பதுளையில் அந்தக் காசு வேறொரு வழியாலும் போவதை நான் அறிவேன். "தோட்டத்து ஆட்களுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்பார்கள். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்ல, நானே சொல்லியிருக்கிறேன். நமக்கு ஆகாததை, நம் பிள்ளையின் தட்டில் வைக்க அஞ்சுவதை, மலைக்கு மேலே அனுப்பிவிட்டால் சரி என்ற எண்ணம் எங்கேயிருந்து வந்தது? பெறுபவருக்கு அது குற்றமற்ற காசு என்று ஹஸரத் சொல்வார். பரீராவின் சம்பவம் உண்மையில் பொருந்துவது இந்த இடத்தில்தான். சட்டம் தெளிவு. என் மனதில் இருந்த அந்த மேடு பள்ளம் சட்டத்தில் இல்லை.

பிறகு இன்னொன்றையும் யோசித்தேன். வங்கி எனக்கு 4 இலட்சம் ரூபாயை எங்கிருந்து தந்தது? கடன் வாங்கியவர்களிடமிருந்து. எனக்கு நூற்றுக்கு இருபது வந்த வருடத்தில் யாரோ அதைவிடக் கூடுதலாகக் கட்டியிருக்கிறார்கள். தோட்டங்களுக்கு நுண்கடன் கொடுக்கும் கம்பெனிகளும் எங்கிருந்தோ கடன் எடுத்துத்தான் கொடுக்கின்றன. வாராவாரம் கட்டும் நாளில் லயத்துப் பெண்கள் ஒரு வீட்டு முற்றத்தில் கூடி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கியவள் வராவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். என் 20,000த்தில் ஒரு சதமாவது அந்த முற்றத்தைக் கடந்து வந்திராது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அப்படியென்றால் நான் செய்ய வேண்டியது கழித்துவிடுவதல்ல, வாப்பாவைப் போல மலையேறுவது.

நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. ஊவா முழுக்க மண் சரிந்தது. பாதை திறந்த பிறகு என் பழைய மாணவி ஒருத்தியைப் பார்க்கப் போனேன். ஒன்பதாம் வகுப்போடு கொழுந்துக்குப் போனவள், கணக்கில் கெட்டிக்காரி. லயத்துக்குப் பின்னால் மேட்டில் வெடிப்பு விழுந்து, இரண்டு வாரம் பாடசாலையில் தங்கியிருந்துவிட்டு வந்திருந்தாள். நுண்கடன் தவணை அந்த இரண்டு வாரமும் நின்றிருந்தது. நான் காசை எடுத்து வைத்து, அது எப்படி வந்தது, ஏன் என்னால் அதைச் செலவழிக்க முடியவில்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்ப இது மாஸ்டருக்கு ஆகாத காசுங்களா?" என்றாள்.

நான் பயந்த கேள்வி அதுதான். ஆகாதுதான் என்றேன். அதன் காரணம் அவளல்ல, அதை நான் சம்பாதித்த விதம் என்றேன். வட்டி கட்டுபவர்களிடமிருந்து வந்தது, கட்டுபவர்களிடம் போகட்டும் என்று நினைத்தேன், தர்மம் என்று நினைத்து வாங்காதே என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப ஆயிரத்து முந்நூத்தம்பது ரூவா சம்பளத்துல கிட்டத்தட்ட பதினஞ்சு முழுப்பேருங்க" என்றாள். பிறகு உள்ளே போய்த் தவணை அட்டையைக் கொண்டுவந்து என் கையில் தந்து, மிச்சம் எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கச் சொன்னாள். கூட்டினேன். 13,400 ரூபாய். அதை எண்ணி எடுத்துக்கொண்டு மீதியை என் பக்கம் தள்ளினாள். அதே முற்றத்தில் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்களிடமும் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள் என்றாள். அன்று மாலை வரை அந்த லயத்தில் இருந்தேன். நான்காவது பெண் வாங்க மறுத்துவிட்டாள். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் பங்கு 1,500 ரூபாய் இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது.

குசினிக் கூரை அப்படியேதான் இருக்கிறது. 2024/25க்கான மீளளிப்புப் படிவத்தையும் மருமகன் நிரப்பி வைத்திருக்கிறான், நான் ஒப்பமிடவில்லை. வட்டியில் வரியைக் கழிக்க வேண்டாம் என்று வங்கிக்கே எழுதிக் கொடுக்கும் பத்திரமும் 2025இல் வந்துவிட்டது, அதைக் கொடுத்தால் திரும்பி வர எதுவும் இருக்காது என்கிறான் அவன். மனைவி இரண்டு தாளையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, முதலில் போய் அந்த வைப்பை முறித்துக்கொண்டு வாருங்கள் என்கிறாள்.